ஆட்குறைப்பும் முன் அனுமதியும்

இந்தியத் தொழிலாளர் சட்ட வரலாறு – பகுதி 9

1947 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தொழில் தகராறுகள் சட்டம், வேலைநிறுத்தம் எப்போது சட்டத்துக்கு உட்பட்டது, கதவடைப்பு எப்போது சட்டத்துக்கு மாறானது, எழுந்த தகராறு எந்த வழியில் சமரச அலுவலரிடமிருந்து தீர்ப்பாயத்துக்குச் செல்ல வேண்டும் என்பனவற்றையெல்லாம் விரிவாக வகுத்திருந்தபோதிலும், வேலை குறைந்துவிட்டது என்று கூறி முதலாளி தொழிலாளியை வெளியே அனுப்பும் நிலையைப் பற்றி அதில் ஒரு பிரிவும் இல்லை. முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ கொடுத்துவிட்டால் முதலாளியின் கடமை முடிந்தது என்பதே அன்றைய பொது நிலை. தொழிற்சங்கம் தகராறு எழுப்பி, அரசு அதைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பி, தீர்ப்பாயமும் தொழிலாளியின் பக்கம் நியாயம் கண்டால் மட்டுமே இழப்பீடு கிடைத்தது. அதன் அளவும் தீர்ப்பாயத்துக்குத் தீர்ப்பாயம் வேறுபட்டது. பத்தாண்டு, இருபதாண்டு ஒரே தறியில் நின்றவருக்கு அந்த ஆண்டுகளுக்கென்று சட்டப்படியான மதிப்பு எதுவும் இல்லாதிருந்த இந்த இடைவெளி எவ்வாறு நிரப்பப்பட்டது, நிரப்பிய பின் அது எவ்வாறு மீண்டும் மீண்டும் நீதிமன்றங்களில் சோதிக்கப்பட்டது என்பதே இப்பகுதியின் பொருள்.

1953இல் நாட்டின் நெசவாலைகளில் துணி விற்காமல் தேங்கியது. பல ஆலைகள் உற்பத்தியைக் குறைக்கவும் ஆட்களை நிறுத்தவும் முனைந்தன. அப்போது மத்தியத் தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் வி.வி. கிரி. இரயில்வே தொழிற்சங்க இயக்கத்தில் வளர்ந்தவரும், 1937இல் அமைந்த சென்னை மாகாண ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் துறையை ஏற்றவருமான அவர், முதலாளியும் தொழிலாளியும் நேருக்கு நேர் பேசித் தீர்ப்பதே சிறந்தது, தீர்ப்பாயங்களை நம்பியிருப்பது தொழிற்சங்கங்களை வலுவிழக்கச் செய்யும் என்ற கருத்துடையவர். எனினும் ஆலைவாயிலில் பெருந்திரளாக ஆட்கள் நிறுத்தப்படும் நிலையில் பேச்சுவார்த்தைக்காகக் காத்திருக்க நேரமில்லாததால், 1953 அக்டோபர் 24ஆம் நாள் ஓர் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. டிசம்பரில் அது நாடாளுமன்றத்தின் திருத்தச் சட்டமாகி, மூலச் சட்டத்தில் ஐந்து-ஏ என்ற புதிய அத்தியாயத்தைச் சேர்த்தது.

அவ்வத்தியாயம் இரண்டு நிலைகளை வேறுபடுத்தியது. முதலாவது, வழக்கில் லே-ஆஃப் என்று வழங்கும் தற்காலிக நிறுத்தம். அதாவது, நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் ஆகியவற்றின் தட்டுப்பாட்டாலோ, சரக்குத் தேக்கத்தாலோ, இயந்திரப் பழுதாலோ, பதிவேட்டில் பெயருள்ள தொழிலாளிக்கு முதலாளி வேலை கொடுக்க இயலாத நிலை. இந்நிலையில் பெயர் பதிவேட்டில் நீடிக்கும். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பாதி இழப்பீடாகக் கிடைக்கும். இரண்டாவது, ஆட்குறைப்பு, அதாவது, ஒழுங்கு நடவடிக்கையின் தண்டனையாக அன்றி வேறு எக்காரணத்தாலேனும் முதலாளி தொழிலாளியின் பணியை முடித்துவிடுதல். தாமாக ஓய்வு பெறுதலும், ஓய்வு வயதை எட்டுதலும், தொடர்ந்த உடல்நலக் குறைவால் பணி முடிக்கப்படுதலும் மட்டுமே அன்று இவ்வரையறைக்குப் புறம்பானவை.

ஆட்குறைப்பு செய்யும் முதலாளி நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகளை 25-எஃப் பிரிவு கூறிற்று. ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளிக்குக் காரணத்தைக் குறிப்பிட்டு ஒரு மாத எழுத்துமூல அறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தர வேண்டும். நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிகுதிப் பகுதிக்கும், பதினைந்து நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகப் பணி முடிக்கும் வேளையிலேயே கொடுக்க வேண்டும். உரிய அரசுக்கும் தகவல் அனுப்ப வேண்டும். இருபதாண்டு உழைத்த ஒருவருக்கு இக்கணக்கில் கிடைப்பது ஏறத்தாழப் பத்து மாத ஊதியம். ஓராண்டுத் தொடர்பணி என்பது பன்னிரண்டு மாதங்களில் 240 நாள் வேலை செய்திருத்தலைக் குறிக்கும். நிலத்தடிச் சுரங்கத் தொழிலாளிக்கு 190 நாள் போதும். இவற்றுடன், ஒரே வகைப் பணியில் கடைசியாக வந்தவரே முதலில் நிறுத்தப்பட வேண்டும் என்று 25-ஜி பிரிவும், பின்னர் ஆள் எடுக்கும்போது நிறுத்தப்பட்டவருக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று 25-எச் பிரிவும் விதித்தன. யார் முந்தி வந்தவர் என்பது முதலாளியின் நினைவைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது என்பதற்காக, ஆட்குறைப்புக்கு ஏழு நாள் முன்னதாகப் பணிமூப்புப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று மத்திய விதிகள் கூறின.

இவற்றுள் இழப்பீட்டைப் பணி முடிக்கும் வேளையிலேயே கொடுக்க வேண்டும் என்ற சொற்கள் தொடக்கத்தில் பலருடைய கவனத்தைப் பெறவில்லை. அச்சொற்களின் முழு வலிமையையும் 1960இல் உச்ச நீதிமன்றம், பம்பாய் அரசுக்கும் மருத்துவமனைத் தொழிலாளர் சபைக்கும் இடையிலான வழக்கில் வெளிக்கொணர்ந்தது. பம்பாயின் ஜே.ஜே. மருத்துவமனைக் குழுமத்தில் வார்டு ஊழியர்களாக இருந்த இரு பெண்கள் இழப்பீடு இன்றி நிறுத்தப்பட்டிருந்தனர். மருத்துவமனை தொழிலே அன்று என்று அரசு வாதிட்டது. நீதிபதி கஜேந்திரகட்கர் அவ்வாதத்தை ஏற்க மறுத்ததோடு, 25-எஃப் பிரிவின் நிபந்தனைகள் ஆட்குறைப்புக்கு முற்பட்டவை, அவை நிறைவேறாத ஆட்குறைப்பு செல்லாது என்றும் தீர்ப்பளித்தார். பின்னால் கொடுத்துக்கொள்ளலாம் என்ற கடனாக இழப்பீட்டைக் கருதும் வழக்கத்துக்கு அத்துடன் சட்டத்தில் இடமில்லாமற் போயிற்று. வங்காளத்தின் நேஷனல் அயர்ன் அண்டு ஸ்டீல் நிறுவனத்தைப் பற்றிய 1967ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதை இன்னும் நுட்பமாக்கியது: பணியை முடித்துவிட்டுச் சில நாள் கழித்துக் காசாளர் அலுவலகத்தில் வந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்று எழுதியதும் பிரிவை மீறியதே என்று நீதிமன்றம் கூறிற்று. தொகை சிறியதோ பெரியதோ, அது பணி முடியும் அதே வேளையில் தொழிலாளியின் கைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லையெனில் அவர் சட்டத்தின் கண்ணில் இன்னும் பணியில் இருப்பவர். இந்தியத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்குக் கொடுத்த பாதுகாப்புகளுள் இதற்கு ஈடானது அரிது. ஏனெனில் இதை நிலைநாட்ட அவர் முதலாளியின் உள்நோக்கத்தையோ வணிக நிலையையோ மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தேதிகள் இரண்டை ஒப்பிட்டுக் காட்டினாலே போதும்.

இதற்கிடையில் ஆலை முழுவதையும் மூடிவிட்டால் அது ஆட்குறைப்பு ஆகுமா என்ற கேள்வி எழுந்தது. பார்சி லைட் இரயில்வே அரசின் உடைமையான நிகழ்ச்சியும், பரோடாவில் தினேஷ் ஆலை மூடப்பட்ட நிகழ்ச்சியும் ஒன்றாக விசாரிக்கப்பட்டு, 1956 நவம்பர் 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், ஆட்குறைப்பு என்பது நடந்துகொண்டிருக்கும் தொழிலில் மிகையான ஆட்களைக் குறைப்பதே, மெய்யாகவே மூடப்படும் தொழிலுக்கு அது பொருந்தாது என்று கூறப்பட்டது. பத்துப் பேரை நிறுத்தினால் இழப்பீடு உண்டு, ஆயிரம் பேரையும் நிறுத்தினால் இல்லை என்ற இந்த விளைவை நீடிக்க விடாமல், அடுத்த ஆண்டே 25-எஃப்எஃப், 25-எஃப்எஃப்எஃப் ஆகிய பிரிவுகள் தீர்ப்புக்கு மறுநாளான 1956 நவம்பர் 28 முதலே செல்லும்படி கொண்டுவரப்பட்டன. உடைமை கைமாறினாலும் ஆலை மூடப்பட்டாலும் ஆட்குறைப்புக்கு உரிய அளவிலேயே இழப்பீடு உண்டு என்றும், முதலாளியின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட தவிர்க்க முடியாத சூழ்நிலையால் மூடப்பட்டால் அது மூன்று மாத ஊதியத்தைத் தாண்டாது என்றும் அவை கூறின. 1972இல், ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனம் மூடுவதற்கு அறுபது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற விதி சேர்ந்தது.

1976ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்பம். அதன் முதல் மூன்று மாதங்களில் இரண்டு பெரும் மாற்றங்கள் நிகழ்ந்தன. ஜனவரியில் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்த ஸ்டேட் வங்கியின் மேல்முறையீட்டில் தீர்ப்பளித்தது. விட்டுவிட்டு வேலை கொடுக்கப்பட்டு, மொத்தத்தில் 240 நாளைத் தாண்டியிருந்த ஒரு தற்காலிக ஊழியரின் கடைசி நியமனம் ஒன்பது நாளுக்கானது. அந்த நாள்கள் முடிந்ததும் பணி தானாக முடிந்ததே தவிர வங்கி எதையும் முடிக்கவில்லை என்பது வங்கியின் வாதம். சட்டத்தில் உள்ள எக்காரணத்தாலேனும் என்ற சொற்கள் எதையும் விலக்கவில்லை, நியமன ஆணையிலேயே முடிவு நாளை எழுதி வைப்பதும் முதலாளியின் செயலே என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் விடையளித்தார். 1956இன் குறுகிய பொருளுக்கும் 1976இன் விரிந்த பொருளுக்கும் இடையே எழுந்த முரண் 1990இல்தான் தீர்ந்தது. பஞ்சாப் நில மேம்பாட்டுக் கழக வழக்கில் அரசியல் சாசன அமர்வு விரிந்த பொருளையே உறுதி செய்தது. ஆனால் அதற்குள், குறித்த கால ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் பணி முடிவது ஆட்குறைப்பு ஆகாது என்ற விலக்கை 1984ஆம் ஆண்டின் திருத்தம் சேர்த்துவிட்டது. பிற்காலத்தில் ஒப்பந்தப் பணி பெருகியதற்கு இந்த ஒரு வரி திறந்த வழி பெரிது.

அதே 1976இல், மார்ச் 5ஆம் நாள், ஐந்து-பி அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது. நெருக்கடி நிலை நடப்பில் இருந்த காலம் அது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தனர். முந்நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றில் தற்காலிக நிறுத்தம், ஆட்குறைப்பு, மூடல் ஆகிய மூன்றுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்பதே அதன் சாரம். அதுவரை முதலாளி காரணத்தை எழுதிக் கொடுத்துப் பணத்தைக் கட்டினால் போதும்; இனி அக்காரணம் சரியா என்பதை அரசு முடிவு செய்யும். தற்காலிக நிறுத்தத்தை 25-எம், ஆட்குறைப்பை 25-என், மூடலை 25-ஓ என்று மூன்று பிரிவுகள் ஆண்டன.

மூன்றுள் முதலில் வீழ்ந்தது 25-ஓ. ஏறத்தாழ நானூறு பேரை வைத்து ஏற்றுமதி ஆடைகள் தைத்த பம்பாயின் எக்ஸெல் வேர் என்ற கூட்டு நிறுவனம் மூடுவதற்கு அனுமதி கேட்டு, மறுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. தொழில் தொடங்கும் உரிமைக்குள் அதை மூடும் உரிமையும் அடங்கும், அது அளவற்ற உரிமை அன்று என்றாலும் அதன்மேல் விதிக்கப்படும் கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்று 1978 செப்டம்பர் 29ஆம் நாள் நீதிமன்றம் கூறி, அப்பிரிவை அரசியல் சாசனத்துக்கு முரணானதென்று நீக்கியது. மறுக்கும் ஆணை காரணம் கூறத் தேவையில்லை, மேல்முறையீட்டுக்கு வழியில்லை என்பன அப்பிரிவின் குறைகளாகக் காட்டப்பட்டன. தீர்ப்பு முன் அனுமதி என்ற கருத்தையே மறுத்ததாக அப்போது பலர் படித்தனர். உண்மையில் அது மறுத்தது காரணம் கூறாத அதிகாரத்தையே என்பது பின்வந்த தீர்ப்புகளால் விளங்கிற்று. நாடாளுமன்றமும் அவ்வாறே புரிந்துகொண்டு, காரணத்தைப் பதிவு செய்தல், இருதரப்பையும் கேட்டல், அறுபது நாளில் விடை வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளுதல், மறுபரிசீலனை செய்தல் அல்லது தீர்ப்பாயத்துக்கு அனுப்புதல் ஆகியவற்றைச் சேர்த்து 25-ஓ பிரிவை 1982இல் மீண்டும் இயற்றியது. 1984 ஆகஸ்டு முதல் அது நடைமுறைக்கு வந்தபோது, அத்தியாயத்தின் எல்லையும் முந்நூறிலிருந்து நூறாகக் குறைக்கப்பட்டது.

எஞ்சிய இரண்டு பிரிவுகளின் விதி தென்தமிழ்நாட்டின் பஞ்சாலைகளிலிருந்து எழுந்த வழக்குகளில் முடிவாயிற்று. எக்ஸெல் வேர் தீர்ப்பைப் பின்பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 25-என் பிரிவைச் செல்லாததாக்கியிருந்தது. கருமுத்து தியாகராசர் நிறுவிய மதுரை மீனாட்சி ஆலையின் தொழிலாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். 1992 மே 15ஆம் நாள் அரசியல் சாசன அமர்வின் சார்பில் நீதிபதி எஸ்.சி. அகர்வால் எழுதிய தீர்ப்பு 25-என் பிரிவை நிலைநிறுத்தியது: அனுமதி தருவதும் மறுப்பதும் விசாரித்து, இருதரப்பையும் கேட்டு, காரணம் எழுதிச் செய்ய வேண்டிய செயல் என்பதால் அது தன்னிச்சையானது அன்று, நடப்பிலுள்ள தொழிலில் ஆட்களைக் குறைப்பது வேறு, தொழிலையே விட்டு நீங்குவது வேறு. 25-எம் பிரிவின் வழக்கு தாமிரபரணிக் கரையிலிருந்து வந்தது. பொதிகை அடிவாரத்தில் அருவி நீரின் ஆற்றலை நம்பி ஹார்வி சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைத்த ஆலையின் வழிவந்த நிறுவனம் மதுரா கோட்ஸ். அதே ஹார்வி குழுமத்தின் தூத்துக்குடிக் கோரல் ஆலையில்தான் 1908இல் வ.உ. சிதம்பரனார் துணைநின்ற வேலைநிறுத்தம் நடந்தது. பாபநாசம் தொழிலாளர் சங்கம் தொடுத்த மேல்முறையீட்டில் 1994 டிசம்பரில் வந்த தீர்ப்பு, தற்காலிக நிறுத்தத்துக்கும் முன் அனுமதி கேட்பது நியாயமான கட்டுப்பாடே என்று கூறிற்று. மறு இயற்றப்பட்ட 25-ஓ பிரிவை 2002 ஜனவரியில் ஒரிசா ஜவுளி மற்றும் எஃகு நிறுவன வழக்கு உறுதி செய்ததுடன், கால் நூற்றாண்டு நீண்ட சாசனப் போராட்டம் முடிவுற்றது. அலுவலக வேலையும் கல்வியும் இல்லாத ஆலைத் தொழிலாளர்களின் சங்கங்கள், நாட்டின் மிகச் சிறந்த வழக்கறிஞர்களை அமர்த்த வல்ல நிறுவனங்களுக்கு எதிரே நின்று இரண்டு முறை வென்றன என்பது தமிழகத் தொழிற்சங்க வரலாற்றில் உரிய இடம் பெறாத செய்தி.

நீதிமன்றத்தில் நிலைத்த சட்டம் ஆலைவாயிலில் எந்த அளவு நிலைத்தது என்பது வேறு கேள்வி. அனுமதி பெறாத ஆட்குறைப்புக்கு 25-க்யூ பிரிவு விதித்த தண்டனை ஒரு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தின் உண்மையான வலிமை அத்தண்டனையில் இல்லை. அனுமதியற்ற ஆட்குறைப்பு தொடக்கத்திலிருந்தே செல்லாது, தொழிலாளி எல்லாப் பயன்களுடனும் பணியில் தொடர்வதாகவே கொள்ளப்படுவார் என்ற விதியில் இருந்தது. ஆகவே, அனுமதி கேட்டு மறுக்கப்படுவதைவிட, கேட்கத் தேவையில்லாத வழிகளை நிறுவனங்கள் நாடின. ஊழியரே விலகுவதாக எழுதிக் கொடுக்கும் தன்விருப்ப ஓய்வுத் திட்டம் அவற்றுள் முதன்மையானது. தாமாக ஓய்வு பெறுதல் ஆட்குறைப்பின் வரையறைக்குள் வராது என்பதால், அதில் எத்துணை வற்புறுத்தல் இருந்தாலும் ஏட்டில் அது தொழிலாளியின் முடிவாகவே நின்றது. ஒப்பந்தக்காரர் வழியாக ஆள் எடுத்தல், நிரந்தர ஆட்களின் எண்ணிக்கையை நூறுக்குக் கீழே நிறுத்திக்கொண்டு வேலையைப் பல சிறு அலகுகளாகப் பிரித்தல் ஆகியவையும் பெருகின. சட்டத்தின் காவல் ஓர் எண்ணில் தொடங்குகிறது என்றால், அந்த எண்ணுக்கு வெளியே நிற்க முதலாளி முயல்வார் என்பதை எல்லையைக் குறைத்த சட்டமியற்றியோர் போதிய அளவு எதிர்பார்க்கவில்லை. முன் அனுமதி பெரிய ஆலையில் நிரந்தரமாக இருந்தவரைக் காத்தது. அவருக்குப் பின் வந்தவரை அது காக்கவில்லை. எண்ணிக்கை வரம்பு ஏதுமின்றித் தனியொரு தொழிலாளிக்கும் பொருந்திய 25-எஃப் பிரிவுதான், மருத்துவமனை ஊழியர், வங்கி எழுத்தர், மாநகராட்சித் தினக்கூலி என்று எங்கும் பரவி, உண்மையில் மிகுதியானோருக்கு உதவிற்று.

எல்லையை மீண்டும் உயர்த்தும் முயற்சிகள் 2001இல் தொடங்கின. அவ்வாண்டின் மத்திய வரவு செலவுத் திட்ட உரையில் யஷ்வந்த் சின்ஹா அதை ஆயிரமாக உயர்த்தும் எண்ணத்தை அறிவித்தார், அது சட்டமாகவில்லை. 2014இல் இராஜஸ்தான் தன் அளவில் முந்நூறாக உயர்த்தியது. 2020 செப்டம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தபோது, முன் அனுமதியின் எல்லை நாடு முழுவதற்கும் 1976இல் தொடங்கிய அதே முந்நூறுக்குத் திரும்பியது; இதைவிட உயர்ந்த எண்ணையும் அரசு அறிவிக்கையாலேயே விதிக்கலாம். நூறுக்கும் முந்நூறுக்கும் இடைப்பட்ட ஆலைகளில் நாற்பதாண்டுகளாக இருந்த முன் அனுமதி என்ற காவல் அத்துடன் நீங்கியது. புதிதாக வந்தது மறுதிறன் நிதி: ஆட்குறைப்பு செய்யும் முதலாளி, இழப்பீட்டுக்கு மேலாக, ஒவ்வொரு தொழிலாளிக்கும் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் பதினைந்து நாள் தொகையை இந்நிதிக்குச் செலுத்த வேண்டும், அது நாற்பத்தைந்து நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும். அனுமதியின்றி ஆட்களைக் குறைக்கும் பெரிய நிறுவனத்துக்கு அபராதம் ஒரு இலட்சம் ரூபாயிலிருந்து பத்து இலட்சம் வரை உயர்ந்துள்ளது.

ஆகவே இன்று முந்நூறு பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் தொழில்முனைவோர், ஆட்குறைப்பு கட்டற்றதாகிவிட்டது என்று எண்ணுவது பெருந்தவறு. காரணம் கூறும் அறிவிப்பு, பணி முடியும் வேளையிலேயே இழப்பீடு, கடைசியில் வந்தவர் முதலில் என்ற வரிசை, மீண்டும் ஆள் எடுக்கையில் முன்னுரிமை ஆகிய 1953இன் கடமைகள் அனைத்தும் புதிய தொகுப்பிலும் உள்ளன. அவற்றை மீறினால், 1960இலும் 1967இலும் நிறுவனங்கள் தோற்ற அதே காரணத்தால் இனியும் தோற்க நேரும்.

இக்கடமைகளைப் போலவே எழுபதாண்டுகளுக்கு மேலாக மாறாமல் இருப்பது, ஆண்டுக்குப் பதினைந்து நாள் என்ற இழப்பீட்டு அளவு. வி.வி. கிரியின் காலத்தில் துணித் தேக்கத்துக்காக விதிக்கப்பட்ட அந்த அளவை, சட்டத்தைத் திருத்தாமல் அறிவிக்கை ஒன்றால் மாற்றிக்கொள்ளும் அதிகாரத்தைப் புதிய தொகுப்பின் 70ஆம் பிரிவு உரிய அரசுக்கு அளித்துள்ளது. முன் அனுமதியின் எல்லையை உயர்த்தும் அதிகாரத்தைப் பயன்படுத்துவதற்கு முன்னர், இந்த அதிகாரத்தை மத்திய, மாநில அரசுகள் பயன்படுத்த வேண்டும். பதினைந்து நாள் என்பதைக் குறைந்தது முப்பது நாளாக்க வேண்டும்.

(தொடரும்)